ஏரி ரோட்டில் விற்ற பூனைக்குட்டிகள்

1

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் ரோட்டில் என் அண்ணன் தங்கராசு வைத்திருந்த கடையை மூடி இந்தப் பொங்கலோடு ஒரு வருடம் ஆகிறது. வட ஜெர்மனியின் இந்தத் துறைமுக நகரத்தில் பொங்கல் என்பது சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்படும் பண்டிகை. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, புகை வந்தால் தீயணைப்பு மணி அடித்துவிடும் என்று பயந்து, மின்சார அடுப்பில் பொங்கல் வைப்பார்கள். இந்த வருடம் நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர்களில் இரண்டு குடும்பங்கள் ஏற்காடு போயிருந்தபோது அண்ணன் கடைக்குப் போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தவர்கள். கடை எப்படிப் போகிறது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லி நிற்க எனக்குத் தெம்பில்லை.

தை மாதத்தில் இங்கே வெயில் வேலைக்கு லேட்டாக வந்து சீக்கிரம் கிளம்பிவிடும் ஆளைப் போல. இருட்டில் பஸ் ஏறி இருட்டில் வீடு திரும்புகிறேன். நம் ஊர் மூடுபனியும் ஆளை மறைக்கும்தான். ஆனால் பத்து மணிக்குள் கலைந்து சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஊர் இருட்டிடம் அப்படி எதையும் எதிர்பார்க்க முடியாது.

ஊரில் யாராவது என் வேலை என்ன என்று கேட்டால், கஸ்டம்ஸ் லேப் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். கொஞ்சம் விளக்கமாக இப்போது சொல்கிறேன், இல்லாவிட்டால் அண்ணனுக்கு என்ன நடந்தது என்பது புரியாது. கப்பலில் வந்து இறங்கும் துணிமணிகளில் ரோமம் வைத்தவை தனியே எங்களிடம் வரும். ஜாக்கெட் காலர், குல்லாவின் உச்சியில் இருக்கும் பந்து, கையுறையின் உள்பக்கம், சிறுபிள்ளைகளின் பூட்ஸ். அந்த ரோமம் எந்தப் பிராணியுடையது என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நாய், பூனை என்று வந்தால் சரக்கு நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நாய்த்தோல், பூனைத்தோல் எதையும் கொண்டுவரக் கூடாது, விற்கக் கூடாது, வெளியே அனுப்பவும் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் பேர் வைத்துக் கூப்பிட்டு வளர்க்கும் பிராணியை உரித்துத் துணியில் தைப்பதை இந்த ஊர் மக்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்காகவே வந்த சட்டம் அது. விற்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் நாயும் பூனையும் தங்கள் பேரில் வருவதில்லை. ஏதோ ஒரு காட்டு விலங்கின் பேரிலோ, செயற்கை ரோமம் என்ற பேரிலோ வரும்.

இந்த வேலைக்கான நேர்காணலில் நான் ஒரு பெரிய கூத்தடித்தேன். ஜெர்மன் மொழியில் ரோமத்தோலுக்கு ‘பெல்ஸ்’ என்று பேர், காளானுக்கு ‘பில்ஸ்’. பதற்றத்தில் நான் ரோமத்துக்குப் பதில் காளான் என்று சொல்லிவிட்டேன். காளான்களின் மேல் இருக்கும் முடியை ஆராய எனக்கு நிறைய ஆர்வம் இருக்கிறது என்று, சேலத்தில் விலங்கியல் படித்த நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். எதிரே இருந்த எல்கே என்ற அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு பேப்பரில் இரண்டு வார்த்தைகளையும் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தாள். இன்றைக்கும் அவள்தான் எனக்கு மேலதிகாரி. சட்டத்தை அரை அங்குலம் கூட வளைக்காதவள்.

2

நாங்கள் கடைசியாக ஊருக்குப் போனது கடை மூடுவதற்கு முந்தின ஆகஸ்டில். நானும் என் மகள் யாழினியும் மட்டும் போனோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. யாழினிக்கு அப்போது பதினைந்து வயது. சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாள். அண்ணனுக்கும் ஈஸ்வரி அண்ணிக்கும் பிள்ளை இல்லை. வருடத்தில் ஒரு மாதம் அவளை அவர்கள் பெற்ற பிள்ளையாகவே வைத்திருப்பார்கள். ஆனால் வளர வளர அவளுடைய தமிழ் சுருங்கிப் போனது. சாப்பாடு, தூக்கம், குளிர், தலைவலி, இவ்வளவுக்குத்தான் அவளிடம் தமிழ் இருக்கிறது. மனசில் நினைப்பதைச் சொல்ல ஜெர்மன்தான்.

அண்ணன் கடையில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, சால்வை, காபித்தூள், சீசனுக்கு வருகிறவர்கள் வாங்கிப் போகும் பொம்மைகள் எல்லாம் இருக்கும். ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கீழே சேலத்தில் வியர்த்துக்கொண்டே பஸ் ஏறி, மேலே வந்து நடுங்கியபடி குல்லா தேடுகிறவர்கள். அவர்களை நம்பி ஓடிய கடை. கொஞ்ச காலமாகக் குல்லாவை விட நன்றாக ஓடியது ஒரு பொம்மை. கையளவுக் கூடையில் சுருண்டு தூங்கும் பூனைக்குட்டி. சில கூடைகளில் நாய்க்குட்டி. மேலெல்லாம் மெத்தென்று ரோமம். தொட்டுப் பார்த்த குழந்தை எதுவும் வாங்காமல் நகராது. கூடவே ரோமப் பந்து தொங்கும் சாவிக்கொத்துகளும் கயிற்றில் வரிசையாகத் தொங்கும். ரோட்டில் இருந்த எல்லாக் கடையிலும் அதே சரக்குதான். கீழே மொத்தக் கடையில் வாங்கி வருவார்கள். எங்கே செய்தது என்று எந்த அட்டையிலும் இல்லை.

நாங்கள் போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நல்ல தூறல். கடையில் கூட்டம் இல்லை. யாழினி அந்தப் பூனைக்குட்டி ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலையைப் பற்றி அவளுக்குத் தெரியும். எங்கள் லேபுக்குப் பள்ளியோடு வந்திருக்கிறாள். மாமா, இது எதால் செய்தது என்று கேட்டாள். அண்ணன், நைலானுங்க கண்ணு, எல்லாம் மிஷினு போடறது என்றார். அவள் விடவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்தாள். பொம்மையின் முதுகிலிருந்து நாலு முடியைப் பிடுங்கி, வாசலுக்குப் போய்க் கொளுத்தினாள்.

நைலான் என்றால் உருகிச் சின்ன உருண்டையாக இறுகிப்போகும். இது உருகவில்லை. சுருண்டு பொசுங்கியது. விரலால் தேய்த்தால் சாம்பல். நாற்றம் கடைக்குள் வந்தது. தலைமுடி கருகினால் வருமே, அந்த நாற்றம்.

யாழினி என்னிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். ரோமம் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது, தோல் என்பதும் அந்த நேரத்துக்கு வரவில்லை. தன்னிடம் இருந்த வார்த்தையைத் தேடி எடுத்துச் சொன்னாள்.

“மாமா, இது பிளாஸ்டிக் இல்ல. இது உயிர்.”

ஒரு பிராணியுடையது என்று சொல்ல வந்திருக்கிறாள். எனக்குப் புரிந்தது. ஆனால் அண்ணன் காதில் விழுந்தது அவள் சொன்ன வார்த்தைதான். அவர் கையிலிருந்த ஸ்வெட்டரை மடிப்பதை நிறுத்திவிட்டு, அலமாரியில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பொம்மைகளைப் பார்த்தார். அண்ணிதான் முதலில் பேசினார். ரோடு முழுக்க எல்லாக் கடையிலும்தானே வைத்திருக்கிறார்கள், இவர் ஒருத்தர்தான் விற்கிறாரா என்றார். அண்ணன் அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“நீ இந்த வேலையத்தானே பாக்கற பாப்பா. இது என்னதுன்னு நீ சொல்லு.”

நான் பொம்மையை வாங்கி ரோமத்தை ஊதிப் பிரித்து அடியில் பார்த்தேன். தோலோடு ஒட்டியிருந்தது. நிஜம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் முயலா பூனையா என்று விரலால் தொட்டுச் சொல்ல யாராலும் முடியாது. டெஸ்ட் செய்ய வேண்டும் என்றேன். அப்படியானால் செய்து சொல் என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாப் பொம்மைகளையும் எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

3

நான் ஏற்காட்டிலிருந்தே எல்கேயைக் கூப்பிட்டுக் கேட்டேன். நாலு முடியாக இருந்தாலும் சட்டம் சட்டம்தானே, கேட்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வர எனக்கு மனமில்லை. அவள் யோசித்து மறுநாள் பதில் சொன்னாள். பயிற்சிக்கான மாதிரி என்று பதிந்துகொண்டு வரலாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பயிற்சி மாதிரிக்கு முடிவு என்று எதுவும் வெளியே போகாது. பேப்பர் கிடையாது, முத்திரை கிடையாது, எங்கள் லேபின் பேரை எங்கும் சொல்லக் கூடாது. நான் ஒத்துக்கொண்டேன். அண்ணனுக்குத் தெரிந்தால் போதும், பேப்பர் எதற்கு என்று அப்போது நினைத்தேன்.

லேபில் எங்கள் சரக்கின் வரிசை முடிந்து இந்த மாதிரிகளுக்கு நேரம் கிடைக்க அக்டோபர் ஆகிவிட்டது. முடியில் உள்ள புரதத்தை உடைத்து, இயந்திரத்தில் விட்டால் திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் வரும். ஒவ்வொரு பிராணிக்கும் அந்தக் கோடுகள் வேறு. எத்தனையோ கப்பல் சரக்கைப் பார்த்துவிட்டேன், துணைக்கு யாரையும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு எல்கேயைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். சாவிக்கொத்துப் பந்து முயல். கூடையில் தூங்கிய பூனைக்குட்டி, பூனை. நாய்க்குட்டிப் பொம்மையும் பூனைதான். வெட்டி ஒட்டிச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம். கடையில்தான் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“முயலு பரவால்லியாம்மா உங்க சட்டத்துல?”

“முயலுக்குத் தடை இல்லீங்கண்ணா. நாயும் பூனையும்தான்.”

“அது எப்படி?”

ஜெர்மன்காரர்கள் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வீட்டில் வளர்க்கிற பிராணி என்பதால் என்று இழுத்தேன்.

“அப்ப இது வளத்த பூனையா இருக்குமா?”

தெரியாதுங்கண்ணா என்றேன்.

“பேரு வச்சிருப்பாங்களோ என்னமோ,” என்றார்.

சாவிக்கொத்துகளையும் அவர் திரும்பக் கடையில் மாட்டவில்லை என்று பிறகு அண்ணி சொல்லித்தான் தெரியும். மறுநாள் காலையில் அட்டைப்பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு கொட்டச்சேட்டில் இருக்கும் அண்ணியின் அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கிறார். காபிச் செடிகளுக்கு நடுவே குழி வெட்டி, எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு, குளித்துவிட்டுக் கடைக்கு வந்திருக்கிறார். சரக்கை இப்படியா போடுவது, மொத்தக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று அண்ணி கேட்டதற்கு, திருப்பிக் கொடுத்தால் அவன் வேறு யாருக்காவது விற்பான் என்றாராம்.

4

அதோடு விட்டிருந்தால் கடை இன்றைக்கும் இருந்திருக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அண்ணியும் அப்படித்தான் சொன்னார். ஆனால் வருகிறவர்கள் கேட்பார்களே. அந்தத் தூங்குகிற பூனை இல்லையா என்று ஒவ்வொரு குடும்பமும் வந்து கேட்கும்போது, ஸ்டாக் இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. அது நெசப் பூனைத்தோலுங்க, கொழந்தைக்கு வாங்கித் தராதீங்க என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் முகம் சுளித்துக்கொண்டு மொத்த ரோட்டையும் விட்டு நகர்ந்திருக்கிறார்கள். கீழேயிருந்து வந்த ஒரு பையன் அவர் பேசுவதைச் செல்போனில் எடுத்து நெட்டில் போட்டுவிட்டான். அதை நானும் பார்த்தேன். குரங்குக் குல்லாவோடு அண்ணன் நிற்கிறார், பின்னால் ஸ்வெட்டர்கள் தொங்குகின்றன, நிதானமாக, யாரையும் திட்டாமல் சொல்கிறார். வீடியோவுக்குக் கீழே ஆயிரம் பேர் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். ஏற்காட்டுக் கடைகளில் எதையும் வாங்காதீர்கள் என்று எழுதியவர்கள்தான் அதிகம்.

நவம்பர், டிசம்பரில் வழக்கமாக வரும் கூட்டம் அந்த ரோட்டில் நிற்கவில்லை. கடைக்காரர்கள் கூட்டம் போட்டு அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணன் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர்தான் அவர்களுக்குத் தலைவர். ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அதே மாதிரி செல்போனில் பேசுங்கள் என்றார்கள். அண்ணன், என் தங்கச்சி பார்த்துச் சொன்னது தப்பாக இருக்காது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இதை அவர் என்னிடம் ஏதோ பெருமை போலத்தான் சொன்னார். நான் போனைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொஞ்சம் முன்னால், லேபில் இருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். லேப் கோட்டோடு நடைகூடத்துக்கு வந்து எடுத்தேன். சேலத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து கடையில் நிற்கிறார்கள் என்றார். யாரோ புகார் கொடுத்து விசாரிக்க வந்திருக்கிறார்கள். எந்தக் கடையிலும் அந்தப் பொம்மை இல்லை. அதிகாரிகள் மலை ஏறுகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள்.

“பாப்பா, இவங்ககிட்ட நீ சொல்லு,” என்று அவர்களில் ஒருவரிடம் போனைக் கொடுத்தார்.

மரியாதையான மனிதர். நான் யார், என்ன வேலை, எப்படித் தெரியும் என்று பொறுமையாகக் கேட்டார். பூனைதான், எனக்குச் சந்தேகமே இல்லை என்றேன்.

“நீங்க சொல்றது நெசமாத்தாங்க மேடம் இருக்கும். உங்க லேப்ல ரிப்போர்ட் அனுப்பி வைக்க முடியுங்களா?”

அந்த நடைகூடத்தின் கடைசியில் எல்கேயின் அறை. கதவு திறந்துதான் இருந்தது. முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். பயிற்சி மாதிரி என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, அது அஃபீஷியல் இல்லீங்க சார் என்றேன். எனக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்தது.

அவர் என்னை விட்டுவிட்டு அண்ணனிடம் பேசினார். எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. உங்களிடம் இருந்த பொம்மையைக் கொடுங்கள், நாங்களே டெஸ்டுக்கு அனுப்புகிறோம் என்றார். அண்ணன் புதைத்துவிட்டதைச் சொன்னார். அதனால் என்ன, தோண்டி எடுங்கள் என்றார்கள்.

“அது என்னால முடியாதுங்க,” என்றார் அண்ணன். “பொதைச்சது பொதைச்சதுதானுங்க.”

நான் போனிலேயே, எடுத்துக் கொடுங்கண்ணா, எடுத்துக் கொடுத்துடுங்க என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. இணைப்பு போய்விட்டது.

எல்கேயிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். உன் குடும்பத்துக்காக இன்று ஒரு பேப்பர் கொடுத்தால், நாளைக்கு நாம் நிறுத்திய ஒவ்வொரு சரக்கின் வக்கீலும் வந்து, இது யாருடைய குடும்பத்துக்காகக் கொடுத்த பேப்பர் என்று கேட்பான் என்றாள். அவள் சொன்னது சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அண்ணன் செய்ய மாட்டேன் என்றதை அண்ணி செய்தார். மறுநாள் அவரே மண்வெட்டியோடு கொட்டச்சேட்டுக்குப் போய்த் தோண்டியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அந்தக் குழியில் இறங்கியிருந்தது. தோல் மக்கிச் சேறாகிவிட்டது. பொம்மைக்குள் இருந்த பிளாஸ்டிக் கூடுகளும் கூடைகளும்தான் வந்தன. சேற்றோடு கொஞ்சத்தை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஏற்காடு தாலுகா ஆபீஸுக்குப் போனார். அதிகாரிகள் அதற்குள் சேலத்துக்கு இறங்கிவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் நாற்றம் தாங்காமல், பையை வெளியே வைத்துவிட்டுப் பேசுங்கம்மா என்று சொன்னார்களாம். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

அன்றைக்கு அண்ணி என்னைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசுகிறவர்.

“உங்க அண்ணன் ஊரே எதுத்து நின்னாலும் நீங்க சொன்ன சொல்லுக்காக நின்னாருங்க. நீங்க ஒரு பேப்பருக்கு நிக்கலீங்க.”

அந்த ‘நீங்க’ இன்றுவரை ‘நீ’ ஆகவில்லை.

5

பொங்கல் முடிந்த கையோடு கட்டடத்துக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அண்ணன் வாதாடவில்லை. ஸ்வெட்டர்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, சாமி படத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தார். அடுத்த வாரமே மற்றக் கடைகளில் பூனைக்குட்டிகள் திரும்ப வந்துவிட்டன. நான் சென்னையில் இருக்கும் ஒரு விலங்கு நல அமைப்புக்கு எழுதினேன். நல்லபடியாகவே பதில் போட்டார்கள். ஒரு பொம்மையை வாங்கி, எந்தக் கடையில் வாங்கியது என்பதற்கு ரசீதோடு அனுப்பினால் பார்க்கிறோம் என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன். இனிமே எதுக்கு பாப்பா என்றார். அவரை மறுபடியும் அந்த ரோட்டுக்குப் போய் நிற்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இதற்கிடையில் யாழினி பள்ளியில் ஒரு உரை நிகழ்த்தினாள். வளர்ப்புப் பிராணிகளின் ரோம வணிகமும் சட்டமும் என்று தலைப்பு. பெற்றோரும் வரலாம் என்றதால் நானும் கணவரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் முதல் படமே அண்ணனின் கடை. தூறலில் நனைந்த பெயர்ப்பலகை, வாசலில் தொங்கும் குல்லாக்கள். இந்தியாவில் ஒரு மலையூரில் தன் மாமாவின் கடையில் அவள் தீக்குச்சியைக் கொளுத்தியதிலிருந்து தொடங்கினாள். நன்றாகப் பேசினாள். தெளிவாக, ஆத்திரமில்லாமல், சட்டத்தில் உள்ள ஓட்டைகளையெல்லாம் அடுக்கி, முயலை ஏன் விட்டார்கள் என்று கூடக் கேட்டாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஆசிரியை என் கையைப் பிடித்து, உங்கள் சகோதரர் துணிச்சல்காரர் என்றாள். மாமாவின் கடை அதற்குப் பிறகு என்ன ஆனது என்று யாழினி சொல்லவில்லை. அவள் தெரிந்தே மறைக்கவில்லை. நாங்கள்தான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். பரீட்சை முடியட்டும் என்று நினைத்திருந்தோம்.

அன்று வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது ஜெர்மனில், நான் கேட்கத்தானே செய்தேன் என்றாள். ஆமாம், நீ கேட்கத்தான் செய்தாய், தப்பே இல்லை என்றேன். மாமாவிடம் பேசு என்றேன். அவருக்கு நான் என்ன சொல்வது, எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாதே என்றாள். நான் ஒரு பேப்பரில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கூப்பிட்டாள். நான் பாத்திரம் கழுவுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு நின்றேன். மாமா, சாரி என்றாள்.

“எதுக்கு சாமி சாரி? நீ கேக்காட்டி ஆரு கேப்பாங்க?”

அதற்கு மேல் அவளிடம் தமிழ் இல்லை. அண்ணன் அதைப் புரிந்துகொண்டு, என்ன சாப்பிட்டாய், அங்கே குளிரா என்று அவளுக்குத் தெரிந்த கேள்விகளாகக் கேட்க ஆரம்பித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கோபம் எதுவும் இல்லை. பேசுவதற்கு இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி மிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

6

அண்ணனும் அண்ணியும் இப்போது மலையில் இல்லை. அடிவாரத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், அண்ணியின் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய ஓட்டல். மலை ஏறுகிறவர்கள் டிபனுக்கு நிறுத்தும் இடம். அங்கே கார்களை வரிசைப்படுத்தி டோக்கன் கொடுக்கும் வேலை அண்ணனுக்கு. இந்த வயதுக்கு வெயிலில் நிற்பது கஷ்டமாக இருக்கும். கேட்டால், நொம்ப சும்மா இருக்கறதுக்கு இது தேவலாம் என்பார். வாழ்க்கை முழுக்க ஸ்வெட்டர் போட்டே பழகியவர் வியர்வையில் நனைந்த சட்டையோடு வீடியோவில் வரும்போது வேறு யாரோ போல இருக்கிறார். அதனால் நாங்கள் இப்போது வீடியோ போடுவதில்லை.

போன வாரம், பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். அவர் வேலையில்தான் இருந்தார். பின்னால் ஹாரன் சத்தமும் யாரோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லும் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. அண்ணியின் முழங்கால் வலி, யாழினியின் பரீட்சை என்று பேசிவிட்டு, பல மாதமாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

“ஏனுங்கண்ணா, நான் அன்னைக்கு நைலானுன்னு சொல்லியிருந்தா?”

அண்ணன் சிரித்த மாதிரி இருந்தது.

“உங்க அண்ணியும் இதத்தான் கேக்கறா. சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் பாப்பா. நீ சொன்னா நம்பாம என்ன?”

ஒரு கார் அவரைத் தாண்டிப் போகும்வரை நிறுத்தினார்.

“நம்பி, இன்னைக்கும் வித்துக்கிட்டு இருந்திருப்பேன். வர்ற கொழந்தைக அதக் கன்னத்துல வச்சுத் தேச்சுக்கிட்டு நிக்கும். நானும் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்குது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு கதவு அறைந்து சாத்தும் சத்தம். வாலிபக் குரல் ஒன்று, “ஏய், டோக்கன்,” என்று கூப்பிட்டது. வர்றேனுங்க என்று அண்ணன் ஓடினார்.

எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார்கள். என் அண்ணனை ஒருவர் ‘ஏய்’ என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.